செயற்கை நுண்ணறிவை முதலில் மனிதவளப் பணியாளரின் மேசைக்குத் தாருங்கள்: சென்னை நிறுவனங்களின் மனிதவளத் துறைத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மனிதவளத் துறைத் தலைவர்களுக்கு,

வணக்கம்.

அம்பத்தூர், கிண்டி, பழைய மகாபலிபுரம் சாலை, அப்பால் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், மறைமலைநகர் என்று சென்னையிலும் அதன் சுற்றுவட்டத்திலும் இயங்கும் நிறுவனங்களில் ஆட்களைச் சேர்ப்பதிலிருந்து கணக்கை முடித்து அனுப்புவது வரையிலான பொறுப்பு உங்களுடையது. உங்கள் துறைக்குச் செயற்கை நுண்ணறிவு மென்பொருள் வாங்குவதா, வாங்கினால் எதை, எந்த வேலைக்கு என்ற பேச்சு பல நிறுவனங்களில் இப்போது நடந்துகொண்டிருக்கிறது. அந்தப் பேச்சு நடக்கும் அறையில் மென்பொருள் விற்பவர் இருக்கிறார். நிதித் துறையினரும் தகவல் தொழில்நுட்பத் துறையினரும் இருக்கிறார்கள். வருகைப் பதிவையும் வைப்பு நிதிப் படிவங்களையும் நாள்தோறும் கையாளும் மனிதவள அலுவலர்களும் உதவியாளர்களும் பெரும்பாலும் இருப்பதில்லை. அவர்களில் ஒருவராக, இத்தொழிலில் நெடுங்காலமாக இருப்பவராக, இந்த மடலை எழுதுகிறேன்.

என் கோரிக்கை இதுதான்: இந்தக் கருவியை முதலில் மனிதவளப் பணியாளர்களின் கையில், அவர்கள் வேலைக்குத் துணையாகக் கொடுங்கள். தொழிலாளியின் கைபேசியில், கேள்விக்குத் தானாகப் பதில் சொல்லும் சாட்பாட் ஒன்றைப் பதித்துவிட்டு, அவர் வந்து நின்று கேட்கும் சாளரத்தை மூடுவதில் தொடங்காதீர்கள். நேர்காணலுக்கு வருபவரையும் வேலையில் இருப்பவரையும் எடைபோடும் பொறுப்பை அதனிடம் ஒப்படைப்பதிலும் தொடங்காதீர்கள். தொழில்நுட்பம் ஒன்றேதான் என்றாலும், எந்த இடத்தில் அதை வைக்கிறோம் என்பதைப் பொறுத்தே அதனால் வரும் நன்மையும் தீமையும் அமைகின்றன.

எங்கள் நேரம் எதில் செலவாகிறது என்பதை நீங்கள் அறியாதவர்கள் அல்ல. இருந்தாலும் பதவி உயர உயர அந்த நினைவு மங்குவது இயல்பு என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். மாதந்தோறும் 15ஆம் தேதிக்குள் வைப்பு நிதியும், இ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக்கான பங்களிப்பும் செலுத்தப்பட வேண்டும். அரையாண்டுக்கு ஒருமுறை தொழில் வரி, ஆண்டு முடிவில் தொழிலாளர் நல நிதி. இவற்றுக்கு நடுவே வருகைப் பதிவுத் திருத்தம், ஷிஃப்ட் மாற்றம், மிகை நேரக் கணக்கு, ஒப்பந்ததாரர்களின் பட்டியல் சரிபார்ப்பு. படிவத்தின் ஒரு கட்டத்தில் ஒரு எண் பிசகினால் ஒருவருடைய வீட்டு வாடகை அந்த மாதம் தள்ளிப்போகிறது. இவ்வளவையும் செய்துகொண்டிருக்கும்போதே சாளரத்தில் ஒருவர் வந்து நிற்பார். வைப்பு நிதிப் பணம் கேட்டு விண்ணப்பித்தது மூன்றாவது முறையாகத் திரும்பிவிட்டது என்பார். அவரை உட்காரவைத்துப் பேச நேரம் இருக்காது.

அந்த விண்ணப்பம் ஏன் திரும்புகிறது என்பதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் செயற்கை நுண்ணறிவு எங்களுக்கு எப்படி உதவ முடியும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. நம் ஊரில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தை பெயரின் முதலெழுத்தே உண்டு. ஒருவர் பெயர் பள்ளிச் சான்றிதழில் சு. முருகன் என்றும், ஆதாரில் முருகன் சுப்பிரமணி என்றும், பான் அட்டையில் சுப்பிரமணி முருகன் என்றும், வங்கிக் கணக்கில் முருகன் எஸ் என்றும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முதற்பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டங்களோடு வடிவமைக்கப்பட்ட மென்பொருளில் எங்கள் உதவியாளர் அவருடைய பெயரை ஏதோ ஒரு வகையில் ஏற்றுகிறார். பெண்களுக்கு இன்னொரு சிக்கல் சேர்கிறது: திருமணத்துக்குப் பின் முதலெழுத்து தந்தையிடமிருந்து கணவருக்கு மாறுகிறது, சில ஆவணங்களில் மாறுகிறது, சிலவற்றில் மாறுவதில்லை. வேலையில் சேரும் நாளில் யாரும் இதைக் கவனிப்பதில்லை. எட்டு ஆண்டுகள் கழித்து, மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கோ மருத்துவமனைச் செலவுக்கோ பணம் தேவைப்படும் நாளில், பெயர் பொருந்தவில்லை என்ற காரணத்தோடு விண்ணப்பம் திரும்பி வருகிறது. பிறகு கூட்டு உறுதிமொழிப் படிவம், சான்றுகள், காத்திருப்பு.

ஒருவர் சேரும் நாளிலேயே அவர் கொடுக்கும் ஆவணங்கள் அத்தனையையும் படித்து, பெயர், பிறந்த தேதி, தந்தை பெயர் ஆகியவற்றில் எது எதோடு முரண்படுகிறது என்று காட்டி, திருத்தத்துக்குத் தேவையான படிவத்தையும் தமிழில் ஒரு விளக்கக் குறிப்பையும் வரைவாகத் தயாரித்து எங்கள் முன் வைக்கும் கருவி இன்று சாத்தியமானது. அது யாரையும் எடைபோடுவதில்லை. தவறாகச் சுட்டிக்காட்டினாலும் பெரிய கேடில்லை, ஏனென்றால் ஆவணம் எங்கள் கையிலேயே இருக்கிறது, பார்த்துத் தெரிந்துகொள்வோம். இப்படிப்பட்ட வேலைகளிலிருந்து தொடங்குங்கள் என்பதுதான் நான் சொல்வது.

இன்னொன்று ஒப்பந்தங்களைப் பற்றியது. பழைய தொழில் தகராறுகள் சட்டத்தின் பிரிவு எண்களைக் கொண்டு 12(3) என்றும் 18(1) என்றும் நாம் வழக்கமாகச் சொல்லும் ஊதிய ஒப்பந்தங்கள் பல தொழிற்சாலைகளில் இருபது, முப்பது ஆண்டுகளாக அடுக்கடுக்காகச் சேர்ந்திருக்கின்றன. கேன்டீன் மானியம், பேருந்து வசதி, இரவு ஷிஃப்ட் படி, இறந்த தொழிலாளியின் குடும்பத்துக்குத் தர வேண்டிய தொகை என்று ஒவ்வொன்றும் எந்த ஆண்டின் எந்தப் பிரிவில் இருக்கிறது என்பது ஓரிரு மூத்த அலுவலர்களின் நினைவில்தான் இருக்கிறது. அவர்கள் ஓய்வு பெற்றுச் சென்றால் அந்த நினைவும் போய்விடுகிறது. ஸ்கேன் செய்து வைத்த அந்தப் பக்கங்களைப் படித்து, கேட்ட கேள்விக்குரிய பிரிவை, பக்கத்தோடும் தேதியோடும் எடுத்துக் காட்டும் கருவி நிர்வாகத்துக்கும் தொழிற்சங்கத்துக்கும் ஒருங்கே பயன்படும். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கமான சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918இல் பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களுக்காக அமைக்கப்பட்ட நகரம் இது. இங்கே ஒப்பந்தம் என்பது போராடிப் பெற்ற உரிமை. அது கோப்புக்குள் தொலைந்துபோகக் கூடாது.

இங்கே ஒரு எச்சரிக்கையையும் சொல்லிவிட வேண்டும். 24 மாதங்களுக்குள் 480 நாட்கள் தொடர்ந்து வேலை செய்த தொழிலாளிக்கு நிரந்தரத் தகுதி தர வேண்டும் என்பது தமிழ்நாட்டின் 1981ஆம் ஆண்டுச் சட்டம். யார் யார் அந்த எண்ணிக்கையை நெருங்குகிறார்கள் என்ற பட்டியலை ஒரு கருவி நொடியில் தந்துவிடும். அந்தப் பட்டியலைக் கொண்டு உரியவருக்கு உரியதைக் கொடுக்கலாம். 470ஆவது நாளில் அவரை நிறுத்தவும் செய்யலாம். எதற்காக அந்தப் பட்டியல் எடுக்கப்படுகிறது என்பதைத் தீர்மானிப்பவர்கள் நீங்கள்தான். கருவியை விற்பவருக்கோ இயந்திரத்துக்கோ அந்தப் பொறுப்பு கிடையாது.

இனி, சாளரத்தை மூடிவிட்டுச் சாட்பாட்டை வைப்பதில் என்ன தவறு என்று கேட்கலாம். எளிய கேள்விகளுக்கு அது நன்றாகவே பதில் சொல்லும். விடுப்பு எத்தனை நாள் மீதம், சம்பளச் சீட்டு எங்கே கிடைக்கும் என்பவற்றை நள்ளிரவு ஷிஃப்ட்டில் இருப்பவரும் கேட்டுத் தெரிந்துகொள்ள முடிவது நல்லதே. ஆனால் எங்களிடம் வரும் கேள்விகளில் முக்கியமானவை எளியவைபோல் தோற்றம் தருபவை. கருவுற்ற ஒரு பெண் வந்து, எனக்கு எத்தனை வாரம் விடுப்பு, பணம் எப்போது வரும் என்று கேட்கிறார். முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் என்பது எல்லோருக்கும் தெரிந்த பதில். பணத்தை யார் தருவார்கள் என்பது அப்படியல்ல. இ.எஸ்.ஐ.யில் இருப்பவருக்குப் பேறுகாலப் பணம் இ.எஸ்.ஐ. கழகத்திலிருந்து வரும், அதற்கு முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களுக்குள் 70 நாட்களுக்கான பங்களிப்பு இருக்க வேண்டும். இ.எஸ்.ஐ.யில் இல்லாதவருக்கு நிறுவனமே தர வேண்டும். அதற்கு முந்தைய 12 மாதங்களில் 80 நாட்கள் வேலை செய்திருக்க வேண்டும். அவருடைய ஊதியம் ஜூன் மாதத்தில் 20,500 ரூபாயிலிருந்து 22,000 ரூபாயாக உயர்ந்திருந்தால், 21,000 என்ற உச்சவரம்பைத் தாண்டிவிட்டார் என்பதற்காக அவரை உடனே இ.எஸ்.ஐ.யிலிருந்து நீக்கிவிட முடியாது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான அந்தப் பங்களிப்புக் காலம் முடியும்வரை பிடித்தம் தொடர வேண்டும். இதற்குள் அவர் ஒப்பந்ததாரர் மாறியிருந்தால் கணக்கு இன்னும் நுணுக்கமாகிறது.

இந்தப் பெண்ணுக்குத் தேவை என்ன? சரியான பதில் ஒன்று. அந்தப் பதில் தவறினால் யாரிடம் போய் நிற்பது என்று தெரிந்திருப்பது மற்றொன்று. பொதுப் பயன்பாட்டுக்கான செயற்கை நுண்ணறிவு மாதிரிகள் இத்தகைய கேள்விக்குச் சரளமான, நம்பத்தக்க தொனியில் பாதி சரியான பதிலைத் தரக்கூடியவை. எங்கள் மேசையில் அந்தப் பதில் வந்தால், பங்களிப்பு வரலாற்றைத் திறந்து பார்த்துத் திருத்திச் சொல்வோம். அவர் கைபேசியில் நேரே வந்தால், அதை நம்பி அவர் வீட்டில் திட்டம் போடுவார்.

கனடாவில் ஒரு விமான நிறுவனத்தின் சாட்பாட், உறவினர் இறப்புக்காகப் பயணம் செய்பவருக்கான கட்டணச் சலுகையைப் பயணத்துக்குப் பின்னரும் கேட்டுப் பெறலாம் என்று பயணி ஒருவரிடம் தவறாகச் சொன்னது. அந்த நிறுவனம், சாட்பாட் சொன்னதற்குத் தான் பொறுப்பல்ல என்று வாதிட்டது. 2024 பிப்ரவரியில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் தீர்ப்பாயம் அந்த வாதத்தை ஏற்க மறுத்து, நிறுவனமே பொறுப்பு என்று கூறி இழப்பீடு வழங்கச் சொன்னது. நம் தொழிலாளி ஒருவர் தவறான பதிலால் இழந்த பணத்துக்காக எந்தத் தீர்ப்பாயத்துக்கும் போகமாட்டார். எச்.ஆர். ஏமாற்றிவிட்டது என்று தன் ஊரில் சொல்வார். அது எனக்கு வலிக்கும். உங்களுக்கும் வலிக்க வேண்டும்.

சட்டம் மாறிக்கொண்டிருக்கும் காலம் என்பதால் இந்த ஆபத்து இப்போது இன்னும் கூடுதல். 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. பணிக்கொடை என்றால் ஐந்தாண்டு என்று நாமெல்லாம் மனப்பாடமாகச் சொல்லிவந்தோம். குறித்த கால ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு இனி ஓராண்டிலேயே அந்த உரிமை உண்டு. அடிப்படை ஊதியத்தைக் குறைத்துப் படிகளை ஏற்றிக்காட்டும் பழைய வழக்கத்துக்கு எதிராக, ஊதியத்தில் சேராத படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டிய பகுதி ஊதியமாகவே கொள்ளப்படும். வேலையை விட்டு விலகுபவருக்கும் இரண்டு வேலை நாட்களுக்குள் ஊதியக் கணக்கை முடிக்க வேண்டும். ஒரு மாதம், ஒன்றரை மாதம் என்று இழுப்பது பல இடங்களில் பழக்கமாக இருந்தது. பழைய சட்டங்களைப் பற்றிப் பல்லாயிரம் பக்கங்களைப் படித்துக் கற்ற ஒரு மாதிரி, புதியதைப் பற்றிச் சில பக்கங்களையே படித்திருக்கும். கேட்டால் பழையதையே தயக்கமில்லாமல் சொல்லும். எனவே நீங்கள் வாங்கும் கருவி, தான் சொல்லும் ஒவ்வொரு பதிலுக்கும் எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, எந்தத் தேதியில் நடைமுறைக்கு வந்தது என்பதை நம் நிறுவன ஆவணத்திலிருந்து எடுத்துக் காட்ட வேண்டும். ஆதாரம் கிடைக்காதபோது, கிடைக்கவில்லை என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். பணம், விடுப்பு உரிமை, வேலை நீக்கம் ஆகிய மூன்றைத் தொடும் எந்தப் பதிலும் பெயருள்ள ஒரு அலுவலரின் பார்வையைத் தாண்டாமல் வெளியே போகக் கூடாது. அதே வேளையில், இரண்டு நாட்களுக்குள் கணக்கு முடிக்க வேண்டிய நெருக்கடியில், விலகுபவரின் விடுப்பு மீதி, முன்பணம், திருப்பித் தர வேண்டிய பொருட்கள் ஆகியவற்றை ஐந்து மென்பொருட்களிலிருந்து திரட்டி ஒரு பக்கத்தில் தரும் உதவி எங்களுக்கு உண்மையிலேயே தேவை.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். விற்பனைக் காட்சியில் அழகான ஆங்கிலத்திலோ, பாடநூல் தமிழிலோ கேள்வி கேட்டுக் காட்டுவார்கள். எங்களுக்கு வருபவை குரல் செய்திகள். 'மேடம், கே.ஒய்.சி. பெண்டிங்னே காட்டுது, எவ்ளோ நாள்தான் வெயிட் பண்றது' என்பதுபோல் இயந்திர இரைச்சலுக்கு நடுவே பேசி அனுப்பியவை. இத்துடன் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து ஒரகடத்தில் தங்கி வேலை செய்பவர்களின் இந்தியும் ஒடியாவும் வரும். மொழி மாதிரிகள் சொற்களைத் துண்டுகளாக உடைத்துப் படிப்பவை. பல மாதிரிகளில் தமிழ்ச் சொல் ஆங்கிலச் சொல்லைவிடக் கூடுதல் துண்டுகளாக உடைவதால் செலவும் கூடுகிறது, தரமும் குறையக்கூடும். சென்னை ஐ.ஐ.டி.யின் ஏ.ஐ.4பாரத் ஆய்வுக் குழுவும் ஒன்றிய அரசின் பாஷினி திட்டமும் இந்திய மொழிகளின் பேச்சையும் மொழிபெயர்ப்பையும் கையாளும் கருவிகளைத் திறந்த முறையில் உருவாக்கி வருகின்றன. நம் விற்பனையாளர்களிடம் அவற்றைப் பயன்படுத்துகிறீர்களா என்று கேளுங்கள். வாங்குவதற்கு முன், போன மாதம் எங்களுக்கு உண்மையாக வந்த கேள்விகளை, பெயரையும் எண்ணையும் நீக்கிவிட்டு, எங்கள் முன்னிலையிலேயே அந்தக் கருவியிடம் கேட்டுப் பாருங்கள். பதில் சரியா என்று சொல்லும் உரிமையை எங்களுக்குக் கொடுங்கள்.

ஆளை எடைபோடும் வேலைக்கு வருகிறேன். இதில் எனக்கு ஐயமே இல்லை: விண்ணப்பங்களை வரிசைப்படுத்தி மேலிருந்து பத்துப் பேரைத் தருவது, யார் வேலையை விட்டுப் போகக்கூடும் என்று கணிப்பது, காணொளி நேர்காணலில் முகத்தைப் பார்த்து மதிப்பெண் போடுவது ஆகியவை நாம் கடைசியாகத் தொட வேண்டியவை, சிலவற்றைத் தொடவே கூடாது. அமேசான் நிறுவனம் ஆட்சேர்ப்புக்காக உருவாக்கிய ஒரு மாதிரி, பழைய விண்ணப்பங்களில் ஆண்களே மிகுந்திருந்ததால், பெண்கள் என்ற குறிப்பு உள்ள விண்ணப்பங்களைக் கீழே தள்ளக் கற்றுக்கொண்டதும், அந்த முயற்சியே கைவிடப்பட்டதும் 2018இல் செய்தியாக வந்தன. நம் நகரத்தில் இதற்கு இணையானது எது என்று யோசித்துப் பாருங்கள். கண்ணகி நகர், பெரும்பாக்கம் முகவரியைச் சொன்னால் வேலை கிடைப்பது கடினமாக இருக்கிறது என்று அங்கே மறுகுடியமர்த்தப்பட்ட குடும்பங்களின் இளைஞர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். கடந்த பதினைந்து ஆண்டு ஆட்சேர்ப்புப் பதிவுகளைக் கொண்டு ஒரு மாதிரிக்குக் கற்றுக்கொடுத்தால், அந்த முகவரிகளிலிருந்து வந்தவர்கள் தேர்வாகவில்லை என்பதையும் அது கற்றுக்கொள்ளும். அஞ்சல் குறியீடு, படித்த பள்ளி, தந்தை பெயர், சொந்த ஊர் ஆகியவற்றில் எதிலிருந்தும் ஒருவரின் சாதியையும் வறுமையையும் மோப்பம் பிடிக்க முடியும் என்பது நம் நாட்டில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. மனிதர் ஒருவர் அப்படிச் செய்தால் அவரிடம் ஏன் என்று கேட்கலாம். மதிப்பெண் 41 என்று ஒரு திரை காட்டினால், நேர்காணல் நடத்தும் இளம் அலுவலர் அதை மறுத்துப் பேசத் துணியமாட்டார்.

ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் இயற்றிய செயற்கை நுண்ணறிவுச் சட்டம், ஆட்சேர்ப்பிலும் பணியாளர் மேலாண்மையிலும் பயன்படும் இத்தகைய அமைப்புகளை மிகு ஆபத்துப் பிரிவில் வைத்திருக்கிறது. பணியிடத்தில் முகத்தையும் குரலையும் கொண்டு உணர்ச்சியைக் கணிப்பதை, மருத்துவம், பாதுகாப்பு போன்ற காரணங்கள் தவிர, 2025 பிப்ரவரி 2 முதல் தடை செய்திருக்கிறது. நியூயார்க் நகரம் ஆட்சேர்ப்புக் கருவிகளுக்குப் பாரபட்சத் தணிக்கையைக் கட்டாயமாக்கி 2023 ஜூலை முதல் செயல்படுத்திவருகிறது. நம் மாநில அரசும் 2020இலேயே பாதுகாப்பான, அறநெறி சார்ந்த செயற்கை நுண்ணறிவுக்கென்று ஒரு கொள்கையை வெளியிட்டது. ஒரு அமைப்பை மக்களிடம் கொண்டுசெல்லும் முன் நியாயம், தனியுரிமை, பொறுப்பு போன்ற அளவுகோல்களால் அதை மதிப்பிட வேண்டும் என்பது அதன் சாரம். அது அரசுத் துறைகளுக்கானது. அதே அளவுகோல்களை நீங்கள் விரும்பி ஏற்றுக்கொள்வதை யாரும் தடுக்கப்போவதில்லை.

பாலியல் துன்புறுத்தல் புகார்களைப் பற்றி ஒரே ஒரு வரி: 2013ஆம் ஆண்டுச் சட்டம் புகாரின் உள்ளடக்கத்தை இரகசியமாகக் காக்கச் சொல்கிறது, ஆகவே அந்தப் புகாரை எந்தச் சாட்பாட்டும் கேட்டுப் பதியக் கூடாது, உள்ளகக் குழுவில் இருப்பவர்களின் பெயரையும் தொடர்பையும் மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ள வேண்டும்.

தனித்தரவைப் பொறுத்தவரை, நீங்கள் அறிந்திராத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அலுவலகம் எந்தக் கருவியும் தராத இடங்களில் பணியாளர்கள் இலவசமாகக் கிடைக்கும் பொதுக் கருவிகளைத் தாங்களாகவே பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள். எச்சரிக்கைக் கடிதம் வரைவதற்கும், ஊதியப் பட்டியலில் பிழை தேடுவதற்கும், தொழிலாளியின் பெயர், ஊதியம், நோய் விவரம் அனைத்தையும் அப்படியே ஒட்டிவிடுகிறார்கள். வேலைப் பளு அப்படி இருக்கிறது. தடை என்று ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் இது நிற்காது, மறைவாகத் தொடரும். 2023ஆம் ஆண்டின் எண்மத் தனித்தரவுப் பாதுகாப்புச் சட்டம், வேலைவாய்ப்புக்குத் தேவையான சில பயன்பாடுகளுக்கு ஒப்புதல் இல்லாமலே தரவைக் கையாள இடம் தருகிறது என்றாலும், அந்தத் தரவைப் பாதுகாக்கும் கடமையிலிருந்து நிறுவனத்தை விடுவிக்கவில்லை. நிறுவனத்தின் கட்டுப்பாட்டுக்குள் இயங்கும், உள்ளிட்ட தரவைப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளாத ஒரு கருவியைக் கொடுத்து, எதை இடலாம், எதை இடக் கூடாது என்று எங்களோடு உட்கார்ந்து வகுப்பதே வழி.

இனி, எங்கள் அறைகளில் எல்லோரும் நினைத்தும் யாரும் வாய்விட்டுக் கேட்காத கேள்வி. இந்தக் கருவி வந்தால் எங்கள் வேலை என்னாகும்? ஐ.பி.எம். தலைவர் அரவிந்த் கிருஷ்ணா, தம் நிறுவனத்தின் மனிதவளத் துறையில் சில நூறு பேர் செய்த வேலையைச் செயற்கை நுண்ணறிவு ஏற்றுக்கொண்டது என்றும், மென்பொருள், விற்பனை போன்ற பிரிவுகளில் ஆட்களைச் சேர்த்ததால் மொத்த வேலைவாய்ப்பு கூடியது என்றும் 2025 மே மாதத்தில் சொன்னார். அந்தக் கூற்றின் இரண்டாம் பகுதி, மறைமலைநகரில் பதினெட்டு ஆண்டுகளாக வருகைப் பதிவு பார்க்கும் ஒரு பெண்மணிக்கு ஆறுதல் தராது. கருவி மிச்சப்படுத்தும் நேரத்தை ஆள் குறைப்பாக மாற்றப்போவதில்லை என்று எழுத்தில் சொல்லுங்கள். சொல்லாவிட்டால், எங்களில் யாரும் மனம் ஒன்றி அதற்கு எதையும் கற்றுக்கொடுக்கமாட்டார்கள். எந்த ஒப்பந்தம் எந்தக் கோப்பில் என்ற அறிவு எங்கள் தலைக்குள்ளேயே தங்கிவிடும்.

மிச்சமாகும் நேரத்துக்கு வேலை இல்லாமல் இல்லை. 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் அருகே விடுதி உணவால் உடல்நலம் கெட்டுப் பெண் தொழிலாளர்கள் பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அவர்கள் நிலை என்ன என்று தோழிகளுக்குத் தெரியவில்லை, வதந்தி பரவியது, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையே மறிக்கப்பட்டது. அந்த விடுதிகளின் சமையலறையையும் குளியலறையையும் யாராவது வாரந்தோறும் போய்ப் பார்த்து, அந்தப் பெண்களோடு உட்கார்ந்து சாப்பிட்டு, அவர்கள் சொல்வதைக் கேட்டு மேலே எடுத்துச் சென்றிருந்தால் நிலைமை அந்த அளவுக்குப் போயிருக்காது என்று இத்தொழிலில் இருக்கும் பலரும் நம்புகிறோம். மனிதவளத் துறை அப்படிப் போவதற்குத்தான் இருக்கிறது. போக முடியாமல் எங்களைக் கட்டிவைத்திருப்பவை படிவங்கள். 2021இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை வசதி தர வேண்டும் என்று ஆக்கியது. கடைகளில் நாள் முழுதும் நின்ற பெண்களின் கால் வலி ஏதோ ஒரு அறிக்கையில் எண்ணாக வந்து இது நடக்கவில்லை, அவர்கள் வாய்விட்டுச் சொன்னதைக் கேட்டதால் நடந்தது. கேட்பதற்கு ஆள் வேண்டும்.

புதிதாக வருபவர்களைப் பற்றியும் கவலைப்படுகிறேன். சமூகப்பணிப் பட்டமும் மேலாண்மைப் பட்டமும் பெற்று எழும்பூரிலும் நுங்கம்பாக்கத்திலும் உள்ள கல்லூரிகளிலிருந்து ஆண்டுதோறும் இளைஞர்கள் எங்களிடம் சேர்கிறார்கள். விடுப்பு மீதியைக் கேட்க வருபவரோடு பேசிப் பேசித்தான், அவர் உண்மையில் மேற்பார்வையாளரைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறார் என்பதைக் கண்டுகொள்ளும் பழக்கம் அவர்களுக்கு வருகிறது. எளிய கேள்விகள் அத்தனையையும் இயந்திரத்திடம் தள்ளிவிட்டால், ஐந்தாண்டுகள் கழித்துக் கடினமான கேள்விக்குப் பதில் சொல்லும் ஆள் எங்கிருந்து வருவார்? அவர்களுக்குக் கருவியின் பதிலைச் சட்டப் பிரிவோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கும் வேலையைக் கொடுங்கள். வாரத்தில் சில மணி நேரமாவது சாளரத்தில் உட்காரவையுங்கள். கருவி தவறிய இடங்களை அவர்கள் குறித்துவைக்கட்டும்; அந்தக் குறிப்பு மாதந்தோறும் உங்கள் மேசைக்கு வரட்டும்.

அடுத்த நிதியாண்டுக்கான ஒதுக்கீட்டை முடிவு செய்யும் முன் இரண்டு காரியங்களைச் செய்யும்படி உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். மாத இறுதியில், ஊதியப் பட்டியல் மூடப்படும் வாரத்தில், ஒரு முழு நாள் உங்கள் மனிதவளப் பணியாளர் ஒருவரின் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் எதற்கு எவ்வளவு நேரம் செலவிடுகிறார் என்று பாருங்கள். பிறகு விற்பனையாளரை அழைக்கும் கூட்டத்துக்கு அவரையும், தொழிற்சங்கமோ தொழிலாளர் குழுவோ இருந்தால் அதன் பிரதிநிதி ஒருவரையும் அழையுங்கள். எந்த வேலையைக் கருவியிடம் தரலாம், எதைத் தரக் கூடாது என்பதை அவர்கள் சொல்லட்டும். அதை எழுதி, தமிழிலும் எழுதி, அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். இதற்கு உதவியாக உண்மைக் கேள்விகளைத் திரட்டித் தரவும், சோதித்துப் பார்க்கவும் எங்களில் பலர் அணியமாக இருக்கிறோம். அழைத்தால் வருகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனிதவள அலுவலர் ஒருவர்,
அம்பத்தூர், சென்னை